30 லிட்டர் பானை போதுமா? பீர் காய்ச்சுவோருக்கான தண்ணீர்க் கணக்கு

கேள்வி: மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழக விரும்புகிறேன். நொறுக்கிய மால்ட் 5 கிலோவைத் துணிப்பையில் இட்டு, முழுத் தண்ணீரோடு ஒரே பானையில் ஊறவைத்து, 20 லிட்டர் பீர் எடுக்கப் போகிறேன். 30 லிட்டர் எவர்சில்வர் பானையே போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? தண்ணீரை 73 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஊறல் (மால்ட்டும் தண்ணீரும் சேர்ந்த கலவை) 67 டிகிரியில் நிற்கும் என்று செய்முறைக் குறிப்பில் உள்ளது. அது நம் ஊருக்கும் பொருந்துமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்தப் பானையை வாங்காதீர்கள். இந்த முறைக்குக் குறைந்தது 40 லிட்டர் பானை தேவை. கணக்குக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ், கலால் வரிக்குரிய பொருளான மதுபானத்தைத் தயாரிக்க உரிமம் வேண்டும். ஆகவே பணத்தைச் செலவழிக்கும் முன்னரே அரச மலேசிய சுங்கத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தண்ணீர்க் கணக்கை முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். நொதிக்கும் கலனில் 20 லிட்டர் சேர வேண்டுமானால், பானையின் அடியில் தங்கிவிடும் வண்டலுக்கு ஒன்றரை லிட்டர் கூட்டி 21.5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் சாறு ஆறும்போது சுமார் 4 விழுக்காடு சுருங்குவதால், அடுப்பை அணைக்கும் நேரத்தில் பானையில் 22.4 லிட்டர் இருக்க வேண்டும். ஒரு மணி நேரக் கொதிப்பில் 3.5 லிட்டர் ஆவியாகும் என்று கொண்டால், கொதிக்கத் தொடங்கும்போது ஏறக்குறைய 26 லிட்டர் தேவைப்படும். பையைத் தூக்கிப் பிழிந்த பிறகும் மால்ட் கிலோவுக்கு 0.7 லிட்டர் வீதம் 3.5 லிட்டரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். ஆக, நீங்கள் ஊற்ற வேண்டிய தண்ணீர் 29.5 லிட்டர். அதில் மால்ட்டை இறக்கியதும், அது கிலோவுக்கு மூன்றில் இரண்டு பங்கு லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ள, மட்டம் 33 லிட்டரைத் தொடும். கடைக்காரர் முடிவில் கிடைக்கும் 20 லிட்டரை மட்டும் மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார் என்றே எண்ணுகிறேன்.

இவற்றில் ஆவியாகும் அளவு மட்டும் பானையின் வாய் அகலத்தையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். புதுப் பானையில் அளந்து ஊற்றிய வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் மீண்டும் அளந்தால் உங்கள் அடுப்புக்குரிய எண் கிடைத்துவிடும். கடையில் நிற்கும்போது ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல், பானையின் உள்விட்டத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். விட்டமும் உயரமும் 34 சென்டிமீட்டர் என்றால் விளிம்புவரை 30.9 லிட்டர், 36 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் உயரமும் என்றால் 40.7 லிட்டர். விளிம்புவரை நிரப்பிக் கொதிக்க வைக்க யாராலும் முடியாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

உங்கள் குறிப்பிலுள்ள 73 டிகிரி தவறான எண் அன்று. வேறொரு முறைக்குரிய எண். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் மட்டும் சேர்த்துக் கெட்டியாக ஊறவைப்போருக்கு, அதுவும் மால்ட் 20 டிகிரியில் இருக்கும் நாட்டில், அது சரியாக அமையும். கணக்கு இதுதான்: 0.41 என்ற எண்ணை, கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீரோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வந்ததை, ஊறலுக்கு வேண்டிய வெப்பநிலைக்கும் மால்ட்டின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, வேண்டிய வெப்பநிலையோடு கூட்ட வேண்டும். ஒரு கிலோ மால்ட்டைச் சூடேற்ற, ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றுவதற்கு ஆகும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கே போதும் என்பதுதான் அந்த 0.41-இன் பொருள். உங்களுக்குக் கிலோவுக்கு 5.9 லிட்டர் தண்ணீர். நம் வீடுகளில் மால்ட் 29 டிகிரியில் இருக்கும். கணக்கிட்டால் 69.6 டிகிரி வருகிறது. 73 டிகிரியில் கொட்டினால் ஊறல் 70 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில், நொதிக்கக்கூடிய சர்க்கரையை அதிகம் தரும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி விரைவில் செயலிழந்துவிடுவதால், பீர் இனிப்புத் தூக்கலாகவும் மது அளவு குறைந்தும் போகும்.

நம் ஊரில் வண்டுக்கும் ஈரப்பதத்துக்கும் அஞ்சி மால்ட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது வழக்கம். 5 டிகிரி மால்ட்டை நேரே எடுத்துக் கொட்டுவதாக இருந்தால் தண்ணீர் 71.3 டிகிரி இருக்க வேண்டும். முதல் நாள் இரவே வெளியே எடுத்து வைத்துவிடுவது எளிது. ஒரு டிகிரி பிசகினாலும் சுவை மாறக்கூடிய வேலை இது என்பதால், வெப்பமானியில் சிக்கனம் பார்க்காதீர்கள். உருகும் பனிக்கட்டி கலந்த நீரில் அது சுழியத்தைக் காட்ட வேண்டும்.

30 லிட்டர் பானையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. தனியே ஒரு குளிர்காப்புப் பெட்டியில் (சூட்டையும் வெளியே விடாத ஐஸ் பெட்டி) 15 லிட்டர் தண்ணீரில் மால்ட்டை ஊறவைத்து வடித்தபின், 77 டிகிரிக்கு மேற்படாத சூட்டில் மேலும் 16 லிட்டர் தண்ணீர் விட்டு அலசி எடுக்கலாம். பிழியாமல் வடிப்பதால் மால்ட் 5 லிட்டரைப் பிடித்துக்கொள்ள, அப்போது பானையில் 26 லிட்டரே கொதிக்கும் என்றாலும், நுரை பொங்கும் முதல் சில நிமிடங்களில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. இந்த முறைக்கு, 29 டிகிரி மால்ட்டுக்கு, முதல் தண்ணீர் 72 டிகிரி இருக்க வேண்டும். பெட்டியும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சுவதால், அதை முன்னதாக வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: இணையத்தில் 10 கேலன் பானை வாங்கினேன். 45 லிட்டர் கொள்ளும் என்று எண்ணியிருந்தேன். 38 லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பானை 37.8 லிட்டர் கொள்ளுமானால் அது அமெரிக்க அளவில் சரியான 10 கேலன்தான். கேலன் என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் உங்கள் வழக்கு வலுவற்றது. 45 லிட்டர் என்று விளம்பரத்திலோ விற்பனையாளர் அனுப்பிய செய்தியிலோ எழுதியிருந்தால் நிலை வேறு. விவரிப்புக்கு ஏற்ற பொருளையும், வாங்குபவர் முன்கூட்டியே சொன்ன நோக்கத்துக்கு உகந்த பொருளையும் தர வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. விளம்பரத்தின் படத்தையும் உரையாடலையும் சேமித்து, முதலில் விற்பனையாளருக்கு எழுதுங்கள். அவர் மறுத்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைக்கலாம்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. செந்தூல் வாசகரும் 5 கிலோ மால்ட், 20 லிட்டர் பீர், ஒரே பானை என்ற விவரங்களைக் கடைக்காரருக்குச் செய்தியாக அனுப்பிப் பதில் பெற்ற பிறகே பணம் கட்டட்டும்.