ரீசெட் செய்தும் பிஸி பிட் இறங்கவில்லையே?

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலரில் ஐ2சி1 (இரண்டு லைன் கொண்ட தொடர்பு) வழியாக ஒரு சென்சாரைப் படிக்கிறேன். சில சமயம், லைன் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டும் பிஸி பிட் 1-லேயே நின்றுவிடுகிறது. ரீசெட் பட்டனை அழுத்தினாலும் பயனில்லை. சப்ளையை நிறுத்திப் போட்டால் சரியாகிறது. ஏன்?

பதில்: சப்ளையை நிறுத்தினால் சென்சாரும் அணைகிறது. ரீசெட் பட்டனோ கன்ட்ரோலரோடு சரி, சென்சாருக்கு அது நடந்ததே தெரியாது. சென்சார் ஒரு பைட்டை அனுப்பும் நடுவில் கன்ட்ரோலர் ரீசெட் ஆனால், அது ஒரு 0 பிட்டுக்காக எஸ்டிஏ (டேட்டா) லைனைக் கீழே இழுத்தபடி அடுத்த கிளாக்குக்குக் காத்து நிற்கும்.

மீட்டரை வைத்துப் பாருங்கள். பிபி6 பின் (எஸ்சிஎல், அதாவது கிளாக் லைன்) 3.3 வோல்ட், பிபி7 (எஸ்டிஏ) 0 வோல்ட் என்றால் இதுதான் கோளாறு. ஐ2சியை இயக்கும் பிஇ பிட்டை அணைத்து, இரண்டு பின்களையும் ஓப்பன் டிரெயின் (கீழே மட்டும் இழுக்கும்) அவுட்புட்டாக மாற்றி 1 எழுதுங்கள். எஸ்சிஎல்லை 5 மைக்ரோ செகண்ட் கீழே, 5 மேலே என்று அதிகபட்சம் 9 முறை ஆட்டுங்கள். எஸ்டிஏ மேலே வந்ததும் ஒரு ஸ்டாப் கொடுங்கள்: எஸ்சிஎல் கீழே இருக்கும்போது எஸ்டிஏவைக் கீழே இறக்கி, எஸ்சிஎல்லை ஏற்றி, கடைசியாக எஸ்டிஏவை விடவேண்டும். புஷ்-புல் (மேலேயும் தள்ளும் முறை) மட்டும் வேண்டாம். சென்சார் கீழே இழுக்கும்போது நீங்கள் மேலே தள்ளினால் இரண்டு டிரைவர்களும் மோதும்.

பிறகு பின்களை ஆல்டர்நேட் ஃபங்ஷன் (ஐ2சி பின்னை ஆளும் முறை) ஓப்பன் டிரெயினுக்குத் திருப்பி, ஐ2சியின் சிஆர்1 ரெஜிஸ்டரில் 15-ஆவது பிட்டான எஸ்டபிள்யூஆர்எஸ்டியை (ஐ2சிக்கான ரீசெட்) 1 ஆக்கி 0 ஆக்குங்கள். இதில் அழியும் சிஆர்2, சிசிஆர், டிரைஸ் ரெஜிஸ்டர்கள் மூன்றையும் மறுபடி எழுதி, கடைசியில் பிஇயை 1 ஆக்குங்கள்.

இரண்டு லைனும் மேலே இருந்தும் பிஸி 1 என்றால் சென்சார் மேல் பழியில்லை. இந்தச் சிப்பின் அனலாக் ஃபில்டர் தவறான நிலையைப் பிடித்துவைத்துக்கொள்வது தயாரிப்பாளரே எர்ராட்டாவில் (சிப்பின் குறைகளைப் பட்டியலிடும் ஆவணம்) ஒப்புக்கொண்ட குறை. பின்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி ஏற்றி, அதன்பின் எஸ்டபிள்யூஆர்எஸ்டி கொடுத்தால் விடும்.

கேள்வி: ஆர்சிசி (கிளாக், ரீசெட் கட்டுப்பாட்டுப் பகுதி) வழியாகவும் ஐ2சியை ரீசெட் செய்யலாமே?

பதில்: செய்யலாம். ஏபிபி1ஆர்எஸ்டிஆர் ரெஜிஸ்டரில் 21-ஆவது பிட். ஆனால் அது தானாக இறங்காது. 0 எழுத மறந்தால் மாட்யூல் ரீசெட்டிலேயே கிடக்கும், எழுதுவது எதுவும் ஏறாது. பின் அமைப்பு ஜிபிஐஓவின் (பின்களை ஆளும் பகுதி) சொத்து, அதை இந்த ரீசெட் தொடாது.

கேள்வி: மென்பொருள் ரீசெட் கொடுத்தாலும் பின் ரீசெட் கொடி ஏன் ஏறுகிறது?

பதில்: உள்ளே எழும் ரீசெட்டும் என்ஆர்எஸ்டி (ரீசெட்) பின்னைக் கீழே இழுக்கும். ஆகவே ஆர்சிசியின் சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் 28-ஆவது பிட்டை (மென்பொருள் ரீசெட் கொடி) முதலில் பாருங்கள், 26-ஐ (பின் ரீசெட் கொடி) கடைசியில். படித்ததும் 24-ஆவது பிட்டில் 1 எழுதிக் கொடிகளை அழியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பழைய காரணமும் சேர்ந்து தெரியும்.