சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் பிக்னிக்ல அடுப்பு இல்லாம ஸ்ட்ராங்கா காபி போட முடியுமா?

தாராளமா போடலாம். பார்க்ல நெனச்ச எடத்துல நெருப்பு மூட்ட விடமாட்டாங்க, பார்பிக்யூ பிட் வேணும்னா முன்னாடியே புக் பண்ணணும், ஒரு காபிக்கு அவ்ளோ பாடு எதுக்கு? நல்ல ஃப்ளாஸ்க்ல கொதிக்கிற தண்ணி போதும். ஆனா மொதல்ல ஃப்ளாஸ்க வெந்நி விட்டு அலசிடுங்க, இல்லன்னா போய் சேர்றதுக்குள்ள சூடு எறங்கிடும், ஆறின தண்ணில டிகாஷன் சப்புன்னு புளிப்பாதான் வரும்.

வீட்டு எவர்சில்வர் ஃபில்டரையே எடுத்துட்டு போங்க. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சிக்கரி கலந்த பவுடர் கிடைக்கும், அத மேல் டப்பால மூணு ஸ்பூன் குவிச்சு போட்டு, ஃபில்டரோட குடைய (கம்பி வச்ச ஓட்டைத் தட்டு) வச்சு லேசா அமுக்கி, கொஞ்சூண்டு தண்ணி விட்டு அரை நிமிஷம் ஊறட்டும், பவுடர் உப்பி வாசன வந்ததும் மீதிய ஊத்தி மூடி ஒரு டவலால சுத்தி வச்சிடுங்க, கடல் காத்து சூட்ட இழுத்துடும். 15, 20 நிமிஷத்துல எறங்கிடும், நடுவுல தட்டாதீங்க. ஸ்ட்ராங் வேணும்னா பவுடர கூட்டணும், ரெண்டாம் தண்ணி விட்டு அதுல கலந்தா ஸ்ட்ராங் போயிடும்!

பால் இந்த வெயில்ல கெட்டுடும், கண்டென்ஸ்ட் மில்க் டின் பெஸ்ட், சக்கரையும் மிச்சம். கிட்டத்தட்ட கோப்பிக்கடை 'காவ்' (ஸ்ட்ராங் காபி) மாதிரியே இருக்கும், எனக்கு அதவிட இதான் புடிக்கும். சக்கைய மணல்ல கொட்டாம பைல கட்டி குப்பைத்தொட்டில போட்டுடுங்க.