பிடித்த பணம் திரும்புமா? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் வங்கிப் பிடித்தம் பற்றிய புலம்பல்கள். முப்பத்தொரு வருடம் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். இப்படிப்பட்ட பிடித்தங்களில் சிலவற்றை என் கையாலேயே பேரேட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாவத்தைக் கழிக்கத்தான் இந்தப் பக்கத்தை ஒப்புக்கொண்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. முன்பு கொழுந்து போட்ட தொழிற்சாலை என் பழைய கணக்கில் பணம் போட்டது. இப்போது வேறு தொழிற்சாலை, வேறு வங்கி. பழைய கணக்கில் 1,640 ரூபாய் விட்டுவைத்திருந்தேன். பி.எம். கிசான் பணம் அதில்தான் வரும். ஆதார் சரிபார்ப்பு முடியாமல் தவணை நின்றிருந்தது, சமீபத்தில்தான் 2,000 ரூபாய் வந்தது. எடுக்கப் போனால் மொத்தமே 1,575 ரூபாய்தான் இருக்கிறது என்கிறார்கள். என்ன நடந்தது?
*– வாசகி, கட்டபெட்டு*

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய பாஸ்புக் நகலை ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துத்தான் படிக்க முடிந்தது. ரிப்பனில் மை தீர்ந்த அச்சு. ஏழு மாதம், மாதம் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் 295 ரூபாய். பக்கத்தில் ஆங்கிலத்தில் குறுக்கி அச்சிட்டிருப்பதை உங்கள் தங்கை மகன் 'மின் பேல் சார்ஜ்' என்று படித்துக் காட்ட, மின்சாரக் கட்டணம் போல என்று நீங்கள் சும்மா இருந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்த 'மின்' மின்சாரம் இல்லை. 'மினிமம் பேலன்ஸ்', அதாவது குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு அபராதம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கிளையில் இருக்கவேண்டியது 2,000. இருந்தது 1,640. குறைந்தது 360 ரூபாய். அதற்கு 250 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 45 ரூபாய். ஆக 295. அதைப் பிடித்தவுடன் இருப்பு 1,345 ஆகிவிட்டது. அடுத்த மாதம் பள்ளம் இன்னும் பெரிது. பள்ளத்தை வெட்டியது வங்கியின் அபராதம்தான், ஆனால் பள்ளத்துக்கு அபராதம் உங்களுக்கு. ஆறாவது மாதம் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே 130 போயிற்று, ஏழாவது மாதம் 425. அரசு போட்ட 2,000 முதலில் அந்த 425-ஐ நிரப்பிவிட்டுத்தான் உங்களிடம் வந்தது. மொத்தப் பிடித்தம் 2,065 ரூபாய்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று விதி போட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது. அபராதத்துக்கு முன்னால் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் என ஏதாவது ஒரு வழியில் தெரிவித்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதம் தரவேண்டும். அபராதம் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற விகிதத்தில் இருக்கவேண்டும். இந்த அபராதம் ஒன்றினாலேயே சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது.

மூன்றாவது விஷயத்தில் வங்கிக்குப் பேச வாய் இல்லை. அந்த 425 ரூபாய் உங்களுடையது. இரண்டாவதில் நன்றாக வாதாடலாம்: 360 ரூபாய் குறைவுக்கு 250 என்றால் கிட்டத்தட்ட எழுபது சதவீதம், இது எந்த விகிதம் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். முதல் விஷயத்தில்தான் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம். வங்கியில் பதிவான கைபேசி எண் உங்கள் மகன் திருப்பூரில் இருந்தபோது வைத்திருந்த பழைய எண். 'அனுப்பிவிட்டோம்' என்பார்கள். அனுப்பியும் இருக்கலாம். எண்ணை இப்போதே மாற்றுங்கள்.

கிளைக்குப் போய்க் கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். இரண்டையும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். கெஞ்சினால் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்போம். கத்தினால் மேலாளர் டீ குடிக்கப் போய்விடுவார். தேதியும் தொகையும் எழுதிய காகிதத்தைக் கண்டால்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம். எனவே இப்படி எழுதுங்கள்:

'ஐயா, என் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஏழு முறை தலா 295 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். தேதிகள் கீழே. முன்னறிவிப்பு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டது? 360 ரூபாய் குறைவுக்கு 250 ரூபாய் எந்த விகிதப்படி? சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனது எந்த விதிப்படி? எழுத்தில் பதில் தந்து 2,065 ரூபாயைத் திருப்பி வரவு வைக்கவும்.'

இரண்டு பிரதி. ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். 'முத்திரை எதற்கு அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அன்பாகச் சொல்பவரிடம் இன்னும் அன்பாக முத்திரை கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சப்பைக்கட்டாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்களை 2021 நவம்பரில் ஒரே திட்டமாக்கினார்கள். இணையத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் வங்கியிடம் எழுதிக் கேட்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முத்திரை வாங்கச் சொன்னது அதற்காகவும்தான்.

கூடவே, அந்தக் கணக்கை 'அடிப்படை சேமிப்புக் கணக்காக' மாற்றித் தரக் கேளுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். வங்கியையே மாற்றுவதானாலும் சரி: பாரத ஸ்டேட் வங்கி 2020-லேயே இந்த அபராதத்தைக் கைவிட்டது, கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் விட்டன.

கேள்வி: குறுஞ்செய்திக் கட்டணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை 17 ரூபாய் 70 பைசா பிடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் வரவுசெலவே இரண்டு முறைதான். நியாயமா?
*– வாசகர், ஊட்டி*

பதில்: இல்லை. எத்தனை செய்தி அனுப்பினார்களோ அதற்குத்தான் வசூலிக்கவேண்டும் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எழுதிக் கொடுங்கள். ஆனால் 17 ரூபாய்க்காகத் தனியாக ஒரு நடை போகாதீர்கள். மார்க்கெட்டுக்குப் போகும்போது போதும்.

கேள்வி: ஜூலை 4 அன்று ஏ.டி.எம்.மில் 3,000 ரூபாய் கேட்டேன். அடைமழை, நடுவில் மின்சாரம் போனது. பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. 23-ஆம் தேதிதான் திரும்ப வரவு வைத்தார்கள். அலைந்ததற்கு ஏதாவது கிடைக்குமா?
*– வாசகர், கூடலூர்*

பதில்: கிடைக்கும். நீங்கள் கேட்காமலேயே தந்திருக்கவேண்டும். 2019 செப்டம்பரில் வந்த விதி: ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் அன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் திருப்பிப் போடவேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய். உங்கள் கெடு ஜூலை 9. வந்தது 23. பதினான்கு நாள், 1,400 ரூபாய். கூடலூர் மழைக்கும் மின்வெட்டுக்கும் இந்த விதியில் சலுகை இல்லை. ஏ.டி.எம். துண்டுச் சீட்டு மழையில் கரைந்துவிட்டதாக வருந்தியிருக்கிறீர்கள். பரவாயில்லை, பாஸ்புக்கில் இரண்டு தேதிகளும் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: நான் காரட் வியாபாரி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு அனுப்புகிறேன். ஐந்து லட்சம் வரை ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) இருக்கிறது. சரக்குக் கணக்கு அறிக்கை தாமதம் என்று அபராத வட்டி 2 சதவீதம் போட்டிருக்கிறார்கள். லிமிட்டைத் தாண்டி எடுத்ததற்கு வேறு தனியாகப் பிடித்தம். எல்லாவற்றையும் திரும்பக் கேட்கலாமா?
*– வாசகர், கேத்தி பாலாடா*

பதில்: எல்லாவற்றையும் கேட்க முடியாது, ஐயா. லிமிட்டைத் தாண்டியது நீங்கள். அறிக்கையை இரண்டு மாதம் கொடுக்காததும் நீங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் அபராதம் உண்டு. காரட் விலை விழுந்ததற்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை. என்னிடம் கோபித்துப் பயனில்லை.

ஆனால் 'அபராத வட்டி' என்ற சொல்லில் ஒரு பிடி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை மாற்றிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களுக்கும், ஜூன் மாத முடிவுக்குள் பழைய கடன்களுக்கும் அது பொருந்தும். தவறுக்கு அபராதம் போடலாம், ஆனால் அதை வட்டி விகிதத்தோடு சேர்க்கக்கூடாது. தனிக் கட்டணமாகத்தான் போடவேண்டும். அந்தக் கட்டணத்தின்மேல் மறுபடி வட்டி ஏற்றக்கூடாது. உங்கள் கணக்கு அறிக்கையில் இன்னும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டிப் போட்டிருந்தால், அந்த வரிகளை மட்டும் அடிக்கோடிட்டுக் கேளுங்கள். மற்றதையும் சேர்த்துக் கேட்டால் நியாயமானதும் அடிபட்டுப் போகும்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். சம்பளம் வருவதற்குள் கணக்கு மைனஸில் போய், மாதாமாதம் வங்கி பணம் பிடிக்கிறதாம். அங்கே நிறையப் பேர் இப்படிப் பிடித்ததை மொத்தமாகத் திரும்ப வாங்கினார்கள் என்று அவள் தோழி சொல்கிறாள். உண்மையா?
*– ஒரு தாய், அருவங்காடு*

பதில்: பழைய கதை, அம்மா. அப்போது அங்கே கணக்கு மைனஸில் போனால் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று வங்கிகள் தண்டம் வைத்தன. ஏராளமானோர் கேட்டு வாங்கினார்கள். 2009 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் அந்த வழி குறுகிவிட்டது. பிறகு 2020 ஏப்ரலில் அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு அந்தத் தண்டங்களையே தடை செய்து, ஓவர்டிராஃப்டுக்கு ஒரே வட்டி விகிதம்தான் என்று ஆக்கியது. அந்த வட்டி சில வங்கிகளில் ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வரும். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கூட யோசிப்பார்.

மகளிடம் சொல்லுங்கள்: பிடிப்பது வட்டியா வேறு கட்டணமா என்று முதலில் பார்க்கட்டும். கஷ்டம் என்றால் வங்கியிடம் வெளிப்படையாகச் சொல்லிச் சலுகை கேட்கட்டும். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீர்வு இல்லையென்றால் அங்கேயும் இலவசமாக நிதிக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 'நாங்கள் வாங்கித் தருகிறோம், எங்களுக்கு ஒரு பங்கு' என்று வருகிற நிறுவனங்களிடம் மாட்டவேண்டாம். சம்பளம் வரும் வாரத்துக்கு முந்திய வாரம் ஊருக்குப் பணம் அனுப்புவதைத் தள்ளிப் போட முடியுமா என்று நீங்களும் யோசியுங்கள். இதை எழுதும்போதே எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: என் அண்ணன் எஸ்டேட் தொழிலாளி, வயது 44. ஜனவரியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் பாஸ்புக்கைப் பார்த்தால் போன மே மாதக் கடைசியில் யாரையும் கேட்காமல் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடமும் அதேபோல். இந்தப் பணத்தைத் திரும்ப வாங்கி அண்ணியிடம் கொடுக்க வழி சொல்லுங்கள்.
*– வாசகர், பந்தலூர்*

பதில்: தம்பி, 436 ரூபாயைத் திரும்பக் கேட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள்.

மே மாதக் கடைசியில் 436 என்றால் அது அநேகமாக பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு. எப்போதோ கணக்குத் தொடங்கும்போதோ முகாமிலோ படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் சொல்லியிருக்கமாட்டார். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை காப்பீடு. ஜனவரி அதற்குள் வருகிறது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் நியமனதாரருக்கு இரண்டு லட்சம் ரூபாய். விபத்து இல்லை என்பதால் 20 ரூபாய்க் காப்பீட்டில் ஒன்றும் வராது. 436-இல் வரும்.

அண்ணியை அழைத்துக்கொண்டு, அண்ணன் கணக்கு இருந்த கிளைக்கே போங்கள். காப்பீட்டு நிறுவனத்தைத் தேடி அலையவேண்டாம், கோரிக்கைப் படிவத்தை வங்கியே வாங்கி அனுப்பவேண்டும். இறப்புச் சான்றிதழ், அண்ணியின் ஆதார், அண்ணி பெயரில் உள்ள பாஸ்புக் நகல், நியமனதாரராக யார் பெயர் இருக்கிறது என்ற விவரம். இவற்றோடு அண்ணன் பாஸ்புக்கில் அந்த 436 வரி இருக்கும் பக்கத்தை மூன்று நகல் எடுங்கள். அசலைக் கவுண்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். நாள் தள்ளிப்போனால் கேள்வி மேல் கேள்வி வரும், இந்த இதழ் கைக்கு வந்த வாரமே போங்கள். படிவம் கொடுத்ததும் முத்திரை வாங்குங்கள்.