கலங்கிய படமும் கல்லடிப் பாலத்து விளக்குகளும்

கேள்வி: சேர், நான் ஏ.எல். வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகளோடு வாவித் தண்ணீர் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, எஸ் எழுத்துப் போல வளைந்த டயற்றம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒருகலப் பாசி) ஒன்று கிடைத்தது. 40 மடங்கு பெருக்கும் பொருள்வில்லையில் வைத்துக் கைபேசியில் எடுத்த படம் கலங்கலாக இருக்கிறது. ஓட்டின் மேல் கோடுகள் இருக்குமாமே, ஒன்றும் தெரியவில்லை. கலங்கலை நீக்கும் மென்பொருளைப் போட்டால் அவை வந்துவிடுமா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: ரீச்சர், கோடுகள் படத்தில் மங்கலாகவாவது பதிந்திருந்தால் வரும். பதியவே இல்லையென்றால் எந்த மென்பொருளும் கொண்டுவராது.

எனக்குத் தூரப் பார்வை குறைவு. இரவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் வட்டமாக விரிந்து, பக்கத்து விளக்கோடு கலந்து, பாலமே ஒரு வெளிச்சப் பட்டையாகிவிடும். தனி விளக்கு ஒன்று எப்படி விரிகிறது என்று தெரிந்தால், விளக்குகள் எங்கெங்கே நின்றால் இந்தப் பட்டை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. ஓர் ஊகப் படத்தை எடுத்து, வில்லை கலக்குவது போலத் தானே கலக்கி, உங்கள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, சுற்றுச் சுற்றாகத் திரும்பத் திரும்ப அதையே செய்யும். 1972இல் ரிச்சர்ட்சன், 1974இல் லூசி என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்ட வழி இது. 1990இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் ஆடி பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்ததால் படம் கலங்கியபோது, 1993 டிசம்பரில் அதைச் சரிசெய்யும்வரை வானியலாளருக்குக் கைகொடுத்ததும் இப்படிப்பட்ட கணக்குத்தான்.

இனி உங்கள் டயற்றம். அது ப்ளூரோசிக்மா வகையாக இருக்கலாம். அதன் கோடுகளுக்கிடையே அரை மைக்ரோமீற்றர் அளவுதான் இடைவெளி. உங்கள் பொருள்வில்லையில் 40/0.65 என்று எழுதியிருக்கும். 40 பெருக்கம்; 0.65, வில்லை எவ்வளவு அகலமாக ஒளியை வாங்கும் என்பதன் அளவு. 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் அபே சொன்ன கணக்கின்படி, பச்சை ஒளியில் அந்த வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 0.42 மைக்ரோமீற்றர். மயிரிழையில் தப்புகிறோம், பாருங்கள். அதனால் சின்னப் பிழைகூடக் கோடுகளை விழுங்கிவிடும். பிள்ளைகள் படம் கறுப்பு வெள்ளையாகத் தெளிய வேண்டுமென்று மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கொண்டென்சரின் துவாரத்தை ஒடுக்கிவிடுவார்கள். கோடு போவது அங்கேதான். அதைத் திறந்துவிடுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியின் கீழ் தண்ணீர் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். பொருள்வில்லையின் நுனியில் பழைய எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாடசாலை நுணுக்குக்காட்டிகளில் நான் கண்ட கலங்கலில் பெரும்பங்கு அந்த எண்ணெயால் வந்ததுதான்.

இவ்வளவும் செய்த பிறகு மென்பொருள். படங்களைக் கையாளும் இமேஜ்ஜே இலவசம். அதன் பெரிய பொதியான ஃபிஜியை இறக்கி, சுவிட்சர்லாந்தின் லோசானில் செய்த, கலங்கலை நீக்கும் டிகன்வல்யூஷன்லேப்2ஐ அதில் சேர்த்துக்கொள்ளலாம். கைபேசி தானாகவே விளிம்புகளைக் கூர்மையாக்கும். முடிந்தால் அதை நிறுத்தி, சுருக்காத படமாக எடுங்கள். வெளிச்சம் கூடி வெள்ளையாய்ப் போன இடத்தில் கணக்குப் போட ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறை தானே ஒளிரும் பொருளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கீழிருந்து ஒளி விட்டுப் பார்க்கும் உங்கள் நுணுக்குக்காட்டியில் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், வருவதை அப்படியே நம்பக் கூடாது.

நான் நம்பியிருக்கிறேன். ஒரு பாசிக் கலத்தின் படத்தை நூறு சுற்று ஓடவிட்டேன். சுவர் இரட்டைக் கோடாக அழகாக வந்தது. சுவர் இரண்டு படை என்று வகுப்பில் சொல்லியும் விட்டேன். அடுத்த கிழமை எண்ணெய் வைத்து 100 பொருள்வில்லையில் பார்த்தால் ஒரே கோடு. மற்றக் கோடு, அளவுக்கு மீறி ஓடவிட்டதால் விளிம்பில் எழுந்த போலி. மறுநாளே வகுப்பில் திருத்திச் சொன்னேன், ஆனால் அன்று வராத இரண்டு பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் குத்துகிறது. நீங்கள் பத்துச் சுற்றில் தொடங்கி இருபதோடு நிறுத்துங்கள். படம் மணல் மணலாக வந்தால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

அசல் படத்தை அழிக்க வேண்டாம். அதையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை சுற்று என்று கீழே எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கொண்டென்சரைத் திறந்து எடுத்த புதுப் படத்தை எனக்கும் அனுப்புங்கள், ரீச்சர். அந்தக் கோடுகளைப் பார்க்க எனக்கும் ஆசை.