வீட்டு முகவரி வெளியே தெரியாமல் குறைந்த விலையில் டொமைன் (இணையதளத்தின் பெயர்) வாங்க முடியுமா?

முடியும், ஆனால் முதல் ஆண்டு விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 99 ரூபாய் என்று விளம்பரம் செய்யப்படும் டாட் காம் பெயர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகின்றன என்பதால், பணம் செலுத்தும் முன் புதுப்பித்தல் கட்டணம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள் (அது பொதுவாகச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்).

பதிவு செய்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை முன்பு ஹூயிஸ் என்ற, டொமைன் யாருடையது என்று காட்டும் பொதுத் தேடலில் எவருக்கும் தெரியும்படி இருந்தன. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பல பதிவாளர்கள் (டொமைன் விற்கும் நிறுவனங்கள்) அவற்றை மறைக்கத் தொடங்கினர். நேம்சீப், போர்க்பன் போன்றோர் இந்த மறைப்பை இலவசமாகவே தருகின்றனர். ஆகவே அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

நான் முதலில் வாங்கிய பெயருக்கு மறைப்பைத் தேர்வு செய்யாமல் விட்டேன்; மறுநாள் காலையிலேயே "சார், வெப்சைட் டிசைன் பண்ணித் தரட்டுமா?" என்று அழைப்புகள் வரத் தொடங்கின.

டாட் இன் பெயர்களின் நிலை வேறு. அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி, வேறொருவரின் விவரத்தை முன்னிறுத்தும் தனியுரிமைச் சேவையை அனுமதிப்பதில்லை. மறைப்பே முதன்மையான தேவை என்றால் டாட் காம் பொருத்தமானது. எதுவாயினும் பதிவாளரிடம் உண்மையான மின்னஞ்சலையே கொடுங்கள். சரிபார்ப்பு மடலுக்கு 15 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் டொமைன் முடக்கப்படலாம்.