கம்பெனிப் பெயர் பதிவாகிவிட்டால் டிரேட்மார்க் வழக்கு வராதா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எங்கள் தேங்காய் எண்ணெய் ஆலையை எர்ணாகுளம் கம்பெனிப் பதிவாளரிடம் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெயர் தம்முடைய டிரேட்மார்க் என்று பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியுள்ளார். அரசு ஒப்புக்கொண்ட பெயரை அவர் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். பதிவாளரின் சான்றிதழ் அந்தப் பெயரில் ஒரு கம்பெனி உருவானதற்கு மட்டுமே அத்தாட்சி. அதை எண்ணெய் டின்னில் ஒட்டி விற்கும் உரிமையை அது தருவதில்லை. ஒருவர் பதிவு செய்த டிரேட்மார்க்கை, அதே சரக்கை விற்கும் மற்றொருவர் தம் நிறுவனப் பெயராக வைத்துக்கொள்வதே உரிமை மீறல் என்கிறது 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 29(5) பிரிவு.

அதற்காக உடனே பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டாம். கம்பெனியாவதற்கு முன்பும் ஆலை அதே பெயரில் நடந்ததா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. வழக்கின் உயிர்நாடியே அதுதான். அவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு செய்த நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து தாங்கள் இடைவிடாமல் பயன்படுத்தி வந்திருந்தால் 34-ஆம் பிரிவு தங்களைக் காக்கும். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில், பதிவைவிட முந்திய பயன்பாட்டின் உரிமையே மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பழைய பில் புத்தகம், லாரி ரசீது, விற்பனை வரிக் கணக்கு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். பலரும் லேபிளை மட்டும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். தேதியில்லாத லேபிளை வைத்து எந்த ஆண்டையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி (குமுளி): ஏலக்காய்க் கம்பெனி தொடங்கி நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. இனி யாரும் பெயரை மாற்றச் சொல்ல முடியாதாமே?

பதில்: பாதிதான் சரி. கம்பெனிகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசின் கம்பெனி விவகார மண்டல இயக்குநரிடம், பெயரை மாற்றச் சொல்லி மனுச் செய்ய, டிரேட்மார்க் உரிமையாளருக்குக் கம்பெனி பதிவான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே கெடு. அது முடிந்தாலும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர அவருக்குத் தடையில்லை.

கேள்வி (மறையூர்): உடுமலைப்பேட்டையில் காய்ச்சும் வெல்லத்தை, கம்பெனிப் பெயரில் ‘மறையூர்’ சேர்த்து விற்கலாமா?

பதில்: வேண்டாம். மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. வேறு ஊரில் காய்ச்சிய வெல்லத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, வாங்குபவர் அதை மறையூர்ச் சரக்கென்று நம்பும்படி செய்வதாகும். கம்பெனிப் பதிவு அதற்குக் கேடயமாகாது. ஆலையே மறையூரில் இருந்தாலும், அக்குறியீட்டைப் பயன்படுத்தும் அனுமதி பெற்ற உற்பத்தியாளராகத் தங்களைத் தனியே பதிவு செய்துகொள்ளுங்கள்.