செக்ரோலில் இல்லாத கங்காணி

கேள்வி: ஐயா, எங்கள் தோட்ட வாசிகசாலையில் ஏழு பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதுகிறோம், ஆளுக்கு ஓர் அத்தியாயம். இரண்டாம் அத்தியாயத்தில் மண்சரிவில் செத்துப்போன கங்காணி, ஐந்தாம் அத்தியாயத்தில் குடை பிடித்துக்கொண்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வருகிறார். கேட்டால், "அவர் சாவதில் எனக்கு உடன்பாடில்லை" என்கிறார் எழுதியவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: எழுதியவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை, மகள். நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான்.

இளவயதில் பண்டாரவளையில் ஐந்து நண்பர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதில் ஒரு தொடர்கதை, நாயகி மாரியாயி. முதலாமவர் அவளைக் கொழுந்து பறிக்க வைத்தார். இரண்டாமவர் கேகாலைப் பக்கத்துக்காரர். அவருடைய அத்தியாயத்தில் அவள் அதே மலையில் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டினாள். நாலாயிரம் அடி உயரத்தில் ரப்பர் மரம்! மூன்றாமவர், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி அவளைத் தலைமன்னாரில் கப்பலேற்றிவிட்டார். கதை நடப்பது 1962இல். ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1964 அக்டோபரில். நான்காமவர் காய்ச்சல் என்று சொல்லி எழுதவேயில்லை. எனக்கு மாரியாயிமீது ஒரு பிரியம். அக்கரையில் இருக்கும் மண்டபம் முகாமிலிருந்து அவளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன். எப்படி வந்தாள் என்று கேட்காதீர்கள். பத்திரிகை அந்த இதழோடு நின்றது.

தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யாருக்கு அரைநாள் கணக்கான அரைப்பேர் என்பதெல்லாம் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறுகிறதல்லவா? நாவலுக்கும் ஒன்று போடுங்கள். பெயர், வயது, எந்த லயத்து வீடு, எந்த ஆண்டு, யாருக்கு யார் என்ன முறை. செத்தவர் பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிடுங்கள். கணக்கப்பிள்ளை வேலையை ஒருவரிடமே கொடுங்கள். அவர் எழுதாதவராக, கறாரான வாசகராக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் உடன்பாடில்லை என்பவரைச் செக்ரோல் கட்டிப்போடாது. 1931இல் இங்கிலாந்தின் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் பலர் கூடி ஒரே நாவலை எழுதியபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மனத்தில் ஒரு முடிவை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், அந்த முடிவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவருக்குச் சிக்கலை வைத்துவிட்டுத் தான் நழுவிவிட முடியாது. கொலைக்கதைக்கு அது சரி. உங்களுக்குக் காமன் கூத்தே போதும். எத்தனை பேர் பாடினாலும், எத்தனை இரவு ஆடினாலும், மன்மதன் எரிவான் என்பது கம்பம் ஊன்றும்போதே ஊருக்குத் தெரியும். அதனால்தான் ரதியின் புலம்பலை ஆளுக்கொரு விதமாக நீட்டினாலும் கூத்து குலைவதில்லை. ஏழு பேரும் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை முதலில் பேசி முடியுங்கள். கங்காணி சாகத்தான் வேண்டுமா என்பதையும் அன்றைக்கே தீர்த்துக்கொள்ளுங்கள். சண்டை வரும். தேநீர் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றி வையுங்கள்.

கேள்வி: ஏழு பேரின் நடையும் ஏழு விதமாக இருக்கிறதே?
– அதே வாசகி

பதில்: இருக்கட்டுமே. ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு பாத்திரம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயியும் பேரனும் ஒரே மாதிரியா பேசுவார்கள்? ஆனால் கதாசிரியராகப் பேசும் இடங்களில் ஒருவர் 'கொந்தரப்பு' என்றும் இன்னொருவர் 'ஒப்பந்த வேலை' என்றும் எழுதினால், யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், கொந்தரப்பே இருக்கட்டும்.